மண்வெட்டிக்குப் பென்ஷன்

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மண்ணெல்லாம்
தயிர் டப்பாவில்தான் வரும்.
மூடியில் பெயர், பாத்தி எண், தேதி.
கெரார்ட் ஹனுசெக் மட்டும் கூடவே
"நல்ல மண்" என்றும் எழுதியிருந்தார்.

பழைய துத்தநாக உலைக்குக் கிழக்கே,
புகை சாய்ந்த பக்கமாகவே பார்த்து
தொழிலாளிகளுக்குப் பிரித்துக் கொடுத்த தோட்டங்கள்.
உலை மூடி இருபது வருஷம்.
புகை போனது. புகை சுமந்து வந்தது போகவில்லை.
கிலோவுக்கு ஆயிரத்து இருநூறு மில்லிகிராம் ஈயம்
என்றேன்.
அவர் கேட்டது ஒன்றுதான்:
"என் காரட்டுக்கு அது தெரியுமா?"

தெரியும்.

முப்பத்தோரு வருஷம் உலைவாயில் நின்றவர்.
ஏப்ரல் பிறந்தால் ஒரு சாண் ஆழத்துக்கு
ஒரு கட்டி விடாமல் கொத்திப் புரட்டுவார்.
அவரிடம் போய்
இனிமேல் கொத்தாதீர்கள் என்றேன்.
மூச்சு விடாதே என்றதுபோல் பார்த்தார்.

எப்படிச் சொல்வது?
வேர் சம்பாதித்த சர்க்கரையில் பங்கு வாங்கிக்கொண்டு
தண்ணீரும் பாஸ்பரசும் தேடித் தரும் பூஞ்சை இழைகள்,
தலைமயிரைவிட மெலிந்தவை,
காலடியில் கிலோமீட்டர் கணக்காய் ஓடுகின்றன என்றா?
அவை மேலே பூசிக்கொள்ளும் ஒரு பிசின்,
குளோமாலின் என்கிற புரதம்,
இழை செத்த பிறகும் சீக்கிரம் மட்காது என்றா?
மணலும் களியும் அதில் ஒட்டி மணிமணியாய்த் திரளும்,
அலைகிற ஈயத்திலும் கொஞ்சம் அங்கே சிக்கும்,
ஒரே குத்தில் எல்லாம் அறும் என்றா?

சொல்லவில்லை. காட்டினேன்.
சிட்ரேட் கரைசலில் மண்ணைப் போட்டு
பிரஷர் குக்கர் மாதிரி ஒன்றில் ஒரு மணி நேரம் வேகவைத்து
சுழற்றி எடுத்தால்
மேலே தெளிந்து நிற்கும் செம்பழுப்பு.
அவர் பாத்தியிலிருந்து வந்தது சோகை பிடித்த டீ.
வேலியோரம், யாரும் தொடாத புல்லடியிலிருந்து வந்தது
கடுங்காப்பி.
இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
"களைக்கு இருக்கிற புத்தி எனக்கில்லை" என்றார்,
போலிஷில் அல்ல, சிலேசிய மொழியில்.
கோபத்தில் மட்டும் அவருக்கு வரும் மொழி அது.

அந்த இலையுதிர் காலத்தில்
பாத்தி முழுக்கப் புல்லும் குளோவரும் விதைத்தார்.
காரட், வாங்கிய மண் நிரப்பிய மரப்பெட்டிக்குக் குடிபோனது.
கொட்டகை ஆணியில் தொங்கியதைப் பார்த்துப்
பக்கத்துப் பாத்தி ஓட்டிலியா சிரித்தாளாம்:
"உன்னோடு சேர்த்து மண்வெட்டிக்கும் பென்ஷனா?"

முதல் வருஷம் எண்ணில் ஓர் அசைவும் இல்லை.
இரண்டாம் வருஷம்
அசைவா கருவியின் நடுக்கமா என்று எனக்கே குழப்பம்.
போன் பண்ணுவார்:
"பூட்டிவிட்டதா?"

பூட்டு என்ற சொல்லை அவருக்குக் கொடுத்தது நான்.
திரும்ப வாங்கவும் நான்தான் வேண்டும்.
ஈயம் எங்கும் போகவில்லை, கெரார்ட்.
மொத்தம் அதே ஆயிரத்து இருநூறு.
நீரில் கரைந்து வேரேறும் பங்கு மட்டும்
கொஞ்சம் குறைந்திருக்கிறது.
அதிலும் பிசின் செய்தது எவ்வளவு,
நீங்கள் தூவிய சுண்ணாம்பு செய்தது எவ்வளவு,
பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.
பூட்டு இல்லை. பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.
விடாமல் இருக்கும்வரை பிடித்திருக்கும்.

மறுமுனையில் மூச்சு இழுக்கும் சத்தம்.
அந்த உலை அவருக்குள்ளும் இருக்கிறது,
எலும்பில்.
அதை அங்கே பிடித்து வைத்திருப்பது எது,
எத்தனை நாளைக்கு,
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.
மழை உண்டா என்று பேசினோம்.

நான்காம் வருஷ டப்பா நேற்று வந்தது.
ஒரு கட்டியை எடுத்துத் தண்ணீரில் போட்டேன்.
முன்பெல்லாம் போட்டதும் சேறாகிவிடும்.
நேற்று மதியச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தபோதும்
ஓரத்தில் மட்டும் உதிர்ந்து
மீதி முழுசாய்க் கிடந்தது.

மூடியை அப்புறம்தான் பார்த்தேன்.
பெயர், எண், தேதி.
கீழே பென்சிலில்:
"டீஸ்பூனால் எடுத்தேன். தொந்தரவுக்கு மன்னிக்கவும்."
யாரிடம் என்று எழுதவில்லை.